காபிச் சுங்கம்: தமிழர் பல் துலக்கல் குறித்த ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

முத்து என்றும் முல்லை அரும்பு என்றும் பல்லைப் பாடித் தள்ளிய தமிழ் இலக்கியம், அந்தப் பல்லைக் காலையில் எப்படி விளக்கினார்கள் என்ற விஷயத்தில் அநேகமாக வாய் திறப்பதில்லை. அந்தப் பெருங்குறையை இந்த ஆய்வு நீக்க முயல்கிறது. ஆய்வுக் களம், சராசரித் தமிழ் வீட்டின் வாஷ்பேசினும் அதைச் சுற்றியுள்ள நாலடி இடமும். அது இல்லாத இடத்தில் கிணற்றடி, தெருக்குழாய், மொட்டை மாடி. ஆய்வுக் காலம், விடிந்ததிலிருந்து முதல் காபி வரை.

முதலில் பரப்பளவைக் கணக்கிடுவோம். ஞானப்பல் நான்கும் சேர்ந்து முளைத்த வாயில் பற்கள் 32. முன்பற்களும் கோரைப்பற்களுமாகப் பன்னிரண்டுக்குத் தலா நான்கு முகம், பின்னால் உள்ள இருபதுக்குத் தலா ஐந்து. ஆக மொத்தம் 148 முகங்கள். புன்னகைக்கும்போது வெளியே தெரிபவை இவற்றில் பத்துப் பன்னிரண்டு. தமிழரின் துலக்கல் உழைப்பில் பெரும்பகுதி இந்தப் பத்துப் பன்னிரண்டின் மீதே கழிகிறது என்பதைக் கண்ணாடி முன் நிற்கும் எவரையும் பார்த்து உறுதி செய்துகொள்ளலாம். மீதியுள்ள நூற்றுச் சொச்சம் முகங்களுக்கு நுரை மட்டும் போய்ச் சேர்கிறது.

2. கருதுகோள்

இந்த ஆய்வின் கருதுகோள் எளிமையானது. தமிழர் பல் துலக்குவது பல்லுக்காக அல்ல, காபிக்காக. டீ குடிப்பவர்கள் உரிய இடத்தில் டீ என்று மாற்றி வாசிக்கவும்.

சான்று ஒவ்வொரு வீட்டிலும் உள்ளது. "பல்லு வெளக்கினியா?" என்ற கேள்வி சமையலறையிலிருந்து எழுமே தவிர, வாய்ச் சுகாதாரம் குறித்த பொதுக் கவலையிலிருந்து எழுவதில்லை. கேட்பவர் கையில் டம்ளர் இருக்கும். பதில் "ஆச்சும்மா" என்றால் டம்ளர் நகரும், இல்லையென்றால் அங்கேயே நிற்கும். சுங்கச்சாவடியில் கட்டணம் செலுத்தியவரின் வண்டியைத்தான் விடுவார்கள். அவர் எவ்வளவு நிதானமாகச் செலுத்தினார் என்று யாரும் பார்ப்பதில்லை. ஆகவே முப்பது விநாடியில் கட்டணத்தைக் கட்டிவிட்டு வரும் பழக்கம் உருவாகிறது. பல் மருத்துவர்கள் கேட்பது இரண்டு நிமிடம்.

கருதுகோளுக்கு ஒரு மறுப்பு எழலாம். ஆ. இரா. வேங்கடாசலபதியின் புகழ்பெற்ற நூலின் தலைப்பே 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்பதுதான். காபி இல்லாத அந்தக் காலத்தில் தமிழர் எதற்காகப் பல் துலக்கினார்? பழைய சோற்றுக்காகவும் கஞ்சிக்காகவும் என்பது இந்த ஆய்வின் விடை. சுங்கம் பழையது, சரக்குதான் மாறியிருக்கிறது.

கருதுகோளின் உண்மையான வலிமை இரவில் தெரியும். இராச் சாப்பாட்டுக்குப் பின் காபி கிடையாது. வேறு எந்தச் சன்மானமும் கிடையாது. எனவே இரவில் பல் துலக்குபவர் அரிது. ஒரு பழக்கத்தின் நோக்கம் என்னவென்று அறிய, அதைச் செய்யாத நேரத்தைப் பார்க்க வேண்டும் என்ற ஆய்வு நெறி இங்கே கச்சிதமாகப் பொருந்துகிறது.

3. முன்னாய்வுகள்

பல்லுக்கும் காபிக்கும் உள்ள உறவை முதலில் ஆராய்ந்தவர் கும்பகோணத்துக்காரர் அல்லர், நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத் துணி வியாபாரி. ஆண்டனி வான் லேவன்ஹூக் என்ற அவர், தாமே தேய்த்துச் செய்த கண்ணாடி வில்லைகளை வைத்துக்கொண்டு அகப்பட்டதையெல்லாம் பார்த்தவர். தினமும் உப்பு வைத்துப் பல் தேய்ப்பவர். அப்படியும் பல்லிடுக்கில் வெள்ளையாக ஏதோ மாவு மாதிரி தங்குவதைக் கவனித்து, அதை எடுத்து வில்லையின் கீழ் வைத்தார். உள்ளே கணக்கற்ற சிற்றுயிர்கள் நீந்திக்கொண்டிருந்தன. 1683இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு இதை எழுதினார். வாய்க்குள் பாக்டீரியா குடியிருப்பது உலகுக்குத் தெரிந்தது அப்போதுதான்.

சில ஆண்டுகள் கழித்து மீண்டும் தேடியபோது முன்பற்களில் அசைகிற உயிர் ஒன்றும் அகப்படவில்லை. யோசித்துப் பார்த்தவர், தாம் காலையில் சுடச்சுடக் குடிக்கும் காபியின் மேல் சந்தேகப்பட்டார். அந்தச் சூடு முன்பற்களில் இருந்தவற்றைக் கொன்றிருக்க வேண்டும் என்று எண்ணிக் கடைவாய்ப் பற்களின் அழுக்கை எடுத்துப் பார்த்தார். அங்கே எல்லாம் சௌக்கியமாக உலவிக்கொண்டிருந்தன. முன்பல் பளிச், பின்பல் கோவிந்தா என்ற இந்த ஆய்வின் முடிவை முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே அவர் தொட்டுவிட்டார். பில்டர் காபிதான் அவருக்குக் கிடைக்கவில்லை.

நம் பக்கத்தில் ஆலங்குச்சி, வேலங்குச்சி, வேப்பங்குச்சி, சாம்பல், அடுப்புக்கரி, குமரி மாவட்டத்து உமிக்கரி, அவசரத்துக்குச் செங்கல் பொடி என்று வரிசை நீளும். பிறகு பல்பொடிகளின் காலம். நஞ்சன்கூட்டுப் பொடியும், இலங்கை வானொலி விளம்பரத்தால் கடல் தாண்டிய கோபால் பல்பொடியும், குரங்குப் படம் போட்ட கறுப்புப் பொடியும் ஆண்ட காலம். இடது உள்ளங்கையில் குழி செய்து, அதில் பொடியைக் கொட்டி, வலது சுட்டுவிரலை ஈரமாக்கித் தொட்டு, பாதியைப் பல்லுக்கும் பாதியை மோவாய்க்கும் பூசி முடிப்பது அக்காலத்துச் செய்முறை. பொடிக்குள் தும்மிவிட்டால் அன்றைய துலக்கல் அத்தோடு முடிந்தது.

பற்பொடி, பற்பசைகளில் புகையிலை சேர்ப்பதும் வழக்கமாக இருந்தது. சுறுசுறுவென்று ஏறும் அந்தப் பொடி இல்லாமல் சிலருக்குப் பொழுதே விடியாது. 1992இல் மத்திய அரசு அதற்குத் தடை விதித்தது.

கரியையும் உப்பையும் விடச் சொல்லிவிட்டு, அவற்றையே குழாயில் அடைத்து விற்கிறார்கள் என்ற நகைச்சுவை வாட்ஸ்அப்பில் அரைத்த மாவாகிவிட்டது. அதில் கவனிக்கத் தவறியது ஒன்று உண்டு. கரியும் செங்கல் பொடியும் பல்லை வெளுப்பாக்குவது அழுக்கை மட்டும் எடுத்து அல்ல, எனாமலையும் சேர்த்துத் தேய்த்து. எனாமல் மனித உடலிலேயே கடினமான பொருள். ஆனால் தேய்ந்தால் வளராது. கரி குழாயில் வந்தாலும் அடுப்பிலிருந்து வந்தாலும் பல்லுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

4. துலக்குவோர் வகைப்பாடு

களத்தில் காணப்படும் துலக்குவோரைப் பின்வருமாறு பகுக்கலாம்.

உலாவுவோர்: பிரஷ்ஷை வாயில் வைத்தபடி வாசலுக்கு வந்து, பேப்பர் தலைப்பைப் படித்து, எதிர்வீட்டுக் கோலத்தை மேற்பார்வையிட்டு, மோட்டார் போட்டு, செடிக்குத் தண்ணீர் விடுபவர்கள். கால் மணி நேரம் துலக்குவதாகப் பெயர். பிரஷ் அத்தனை நேரமும் ஒரே கன்னத்தில் முகாமிட்டிருக்கும்.

உரசுவோர்: ஆத்திரத்தைப் பல்லில் காட்டுபவர்கள். கடையில் 'ஹார்டு' பிரஷ் கேட்டு வாங்குவார்கள். ரயில் ஓடுகிற மாதிரி குறுக்குவாட்டில் இழுப்பார்கள். இவர்களுக்கு ஈறு கீழிறங்கி, பல்லின் கழுத்தில் ஆங்கில 'வி' எழுத்து வடிவில் பள்ளம் விழும். வலக்கைக்காரர்களுக்கு இடப்பக்கம்தான் பெரும்பாலும் இந்தப் பள்ளம் அதிகம், கை வாகாக அழுத்துவது அந்தப் பக்கம் என்பதால். அங்கே ஐஸ் தண்ணீர் பட்டால் உச்சந்தலை வரை ஏறும்.

முழங்குவோர்: இவர்களுக்குத் துலக்கல் ஒரு முன்னுரை. மெயின் பாடம் நாக்கு வழித்தல். அடித்தொண்டையிலிருந்து எழும் அந்த ஓங்காரம் மூன்று வீடு தள்ளிக் கேட்கும். புதிதாகக் குடிவந்தவர்கள் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்யலாமா என்று யோசிப்பார்கள். ஒன்றுக்கும் உதவாததை 'நாக்கு வழிக்கத்தான் லாயக்கு' என்பது நம் வழக்கு. அந்தக் காரியத்தை இவ்வளவு மட்டமாக நினைத்திருக்க வேண்டியதில்லை. வாய் நாற்றத்தின் தலைமையகம் பெரும்பாலும் நாக்கின் பின்பகுதிதான். காற்றுப்படாத இடத்தில் வாழும் பாக்டீரியா அங்கே கந்தகம் கலந்த வாயுக்களை உண்டாக்குகிறது. மென்மையாக வழித்தால் போதும், சத்தம் கட்டாயமில்லை.

உரையாடுவோர்: மொழியியலாளர்கள் கவனிக்க வேண்டிய பிரிவு. பிரஷ் வாயில் இருக்கும்போது உதடுகள் சேர இயலாது. உதடு சேராவிட்டால் பகரமும் மகரமும் பிறக்கா என்பது தொல்காப்பியத்தின் பிறப்பியல் படித்தவர்கள் அறிந்தது. வகரத்துக்கு மேற்பல்லும் கீழிதழும் இயைய வேண்டும், அந்த இடத்தில் நுரை இருக்கிறது. தகரத்தை முயன்றால் எதிரில் நிற்பவர் சட்டையைத் துடைத்துக்கொள்ள நேரிடும். எஞ்சுவன பெரும்பாலும் உயிரெழுத்துகளும் ஹகரமும். "நாளைக்கு எத்தனை பாக்கெட் சார்?" என்று பால்காரர் கேட்டால் "ஹெண்ஹு" என்று விடை வரும், கூடவே இரண்டு விரல் உயரும். பால்காரர் இந்த மொழியில் தேர்ந்தவர். மறுநாள் பாக்கெட் இரண்டே வருகிறது.

5. கருவிகள்

பன்றி மயிர் பதித்த பிரஷ் போய் நைலான் பிரஷ் சந்தைக்கு வந்தது 1938இல், அமெரிக்காவில். மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை, மயிர் சாய்ந்துவிட்டால் அதற்கு முன்பே, மாற்ற வேண்டும் என்பது பரிந்துரை. தமிழ் வீட்டு பிரஷ்ஷின் வாழ்க்கை வரலாறு இதோடு ஒத்துப்போவதில்லை. மயிர் நாலாபக்கமும் சாய்ந்து தென்னை மட்டையான பிறகும் அது வாயில் சேவை செய்யும். பிறகு சீப்பு கழுவ, தங்கச் சங்கிலி தேய்க்க, தலைக்கு டை அடிக்க, மிக்ஸி ஜாரின் அடியில் கறுப்பை எடுக்க என்று பதவி இறக்கம் பெறும். கைப்பிடி நுனியில் துளை உள்ள ரகத்துக்கு மவுசு அதிகம். மயிர்ப் பகுதியை உடைத்தெறிந்துவிட்டு, அந்தத் துளையில் நாடாவை நுழைத்துப் பாவாடைக்குக் கோத்து எடுப்பார்கள். வாயில் அதிகப் பணிக்காலம் முடித்த பிரஷ் வீட்டில் ஓய்வு பெறுவதே இல்லை.

பசையின் அளவு அடுத்தது. விளம்பரத்தில் பிரஷ்ஷின் முழு நீளத்துக்கும் அலை அலையாகச் சுருண்டு நுனியில் கொண்டை போட்டு நிற்கும் பசையைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சுருளின் வடிவம் யாருக்குச் சொந்தம் என்று 2010இல் இரண்டு பெரிய பன்னாட்டு நிறுவனங்கள் அமெரிக்க நீதிமன்றம் வரை போயின. பல்லுக்கு அவ்வளவு தேவையில்லை. மூன்று வயதுக்குள் அரிசி மணி அளவு, மூன்றிலிருந்து ஆறு வரை பட்டாணி அளவு என்பது அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் கணக்கு. பெரியவர்களுக்கும் அந்தப் பட்டாணி போதும்.

குழாயின் அடிப்பக்கத்தில் ஒரு சிறு வண்ணக் கட்டம் இருக்கும். பச்சை என்றால் மூலிகை, கறுப்பு என்றால் ரசாயனம் என்று அதற்கு உரை எழுதும் மரபு ஒன்று உறவினர் குழுக்களில் தழைத்திருக்கிறது. குழாயை எங்கே வெட்டி மூட வேண்டும் என்று ஆலை இயந்திரத்தின் கண்ணுக்குக் காட்டும் அடையாளம் அது. அந்தச் செய்தியை அனுப்பும் சித்தப்பாவுக்கு இதை விளக்குவது இந்த ஆய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

நுரைக்கும் சுத்தத்துக்கும் சம்பந்தம் குறைவு. நுரைப்பது பெரும்பாலான பசைகளில் சேர்க்கப்படும் சோடியம் லாரில் சல்பேட் என்ற பொருளால். அதுவே நாக்கின் இனிப்புணர்வைச் சற்று நேரம் மழுங்கடித்துக் கசப்பைத் தூக்கிக் காட்டும். துலக்கிய கையோடு குடித்தால் காபி 'ஒரு மாதிரியா' இருக்கிறது என்ற குற்றச்சாட்டுக்கும், 'இன்னும் அரை ஸ்பூன் சர்க்கரை போடு' என்ற கோரிக்கைக்கும் இது ஒரு காரணமாகலாம். சுங்கம் கட்டியவருக்குச் சரக்கு கெட்டுப்போய்க் கிடைப்பது சுங்க வரலாற்றில் புதிதல்ல.

6. தாத்தாச் சான்று

துலக்கல் குறித்த எந்த விவாதத்திலும் கடைசியில் ஒரு தாத்தா வருவார். "எங்க தாத்தா பிரஷ்ஷைக் கண்ணால பார்த்ததில்ல. எண்பது வயசுல கரும்பு கடிச்சார்." இதோடு விவாதம் முடிந்துவிடும். தர்க்க நூல்கள் பிரத்தியட்சம், அனுமானம், ஆகமம் என்று அடுக்கும் பிரமாணங்களோடு தாத்தாவையும் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இந்தச் சான்றை மறுக்க முடியாது. அளக்க முடியும், அளந்தும் இருக்கிறார்கள்.

1965இல் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் ஹரால்ட் லோ என்ற ஆய்வாளர், ஆரோக்கியமான ஈறு கொண்ட 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் சொன்னார். பெரும்பாலானோர் பல் மருத்துவ மாணவர்கள். வகுப்புக்குப் பல் விளக்காமல் வருவதே அறிவியல் பங்களிப்பாகக் கருதப்பட்ட ஒரே சந்தர்ப்பம் இதுவாகத்தான் இருக்கும். பத்திலிருந்து இருபத்தொரு நாட்களுக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கிச் சிவந்தது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் சரியானது. ஈறு நோய்க்குக் காரணம் பல்லின் மேல் படியும் பாக்டீரியாப் படலம்தான் என்பது இதிலிருந்து நிலைபெற்றது.

ஈறில் ரத்தம் கண்டால் அந்த இடத்தைத் தொடாமல் விட்டுவிடுவது நம் வீடுகளில் பரவலான வைத்தியம். ஆர்ஹுஸ் முடிவு அதற்கு நேர் எதிர். ரத்தம் வருகிறது என்றால் பெரும்பாலும் அந்த இடத்துக்கு பிரஷ் போதவில்லை என்று பொருள். மென்மையான மயிருள்ள பிரஷ்ஷை ஈறும் பல்லும் சேரும் கோட்டில் 45 பாகை சாய்த்து வைத்துச் சிறு அசைவாகத் துலக்க வேண்டும். இந்த முறைக்குப் பெயர் தந்த சார்லஸ் பாஸ் நியூ ஆர்லியன்ஸ் நகரத்து மருத்துவர், பல் மருத்துவர்கூட அல்லர்.

லோ அடுத்து வந்தது இலங்கை மலையகத்துக்கு. 1970இல் இரண்டு தேயிலைத் தோட்டங்களில் 14 முதல் 31 வயது வரையிலான 480 ஆண் தொழிலாளர்களைப் பரிசோதித்தார்கள். பல் மருத்துவமோ பிரஷ் துலக்கலோ எட்டாத மக்கள். அவர்களின் ஈறும் பல்லும் எப்படி மாறுகின்றன என்று 1985 வரை தொடர்ந்து அளந்தார்கள். எல்லோர் பல்லிலும் படலமும் பற்காரையும் கட்டியிருந்தன. ஏறக்குறைய எல்லோருக்கும் ஈறு வீங்கியிருந்தது. ஆனால் முடிவு மூன்றாகப் பிரிந்தது. நூற்றுக்கு 8 பேருக்கு நோய் பாய்ந்து சென்றது. 35 வயதில் சராசரியாக 12 பற்கள் போயிருந்தன, 45 வயதில் வாயே காலி. நூற்றுக்கு 81 பேருக்கு மெதுவாக நகர்ந்து, 45 வயதில் சராசரியாக 7 பற்களைக் கொண்டுபோனது. மிச்சம் 11 பேருக்கு ஈறு வீக்கத்தைத் தாண்டி ஒன்றும் ஆகவில்லை. பல் விழவில்லை.

தாத்தா அகப்பட்டுவிட்டார். அவர் அந்தப் பதினொருவரில் ஒருவர். கரும்பு கடித்ததும் உண்மை, பிரஷ் தொடாததும் உண்மை. அவர் தெருவில் வாழ்ந்த மீதி எண்பத்தொன்பது தாத்தாக்கள் கஞ்சி குடித்தார்கள், அவர்களைப் பற்றிப் பேரன்கள் பெருமையாகச் சொல்வதில்லை. பேசுகிற பேரன் எந்தப் பிரிவைச் சேர்ந்தவர் என்பது அவருக்கு நாற்பத்தைந்து வயதாகும்போதுதான் தெரியவரும். உலகத்துப் பல் மருத்துவ மாணவர்கள் இன்றும் படிக்கும் அந்த 8, 81, 11 என்ற எண்கள் கொழுந்து பறிக்கும் மலைகளில் வாழ்ந்தவர்களின் வாயிலிருந்து எண்ணி எடுத்தவை.

இதே இடத்தில் இன்னொரு நம்பிக்கையையும் பரிசீலிக்கலாம். பல்லை க்ளீன் செய்தால் ஆட்டம் கண்டுவிடும், இடைவெளி விழுந்துவிடும் என்பார்கள். காரை உருகாத சுண்ணாம்பாக இடுக்கில் உறைந்து, எலும்பு கரைந்த பல்லை முட்டுக் கொடுத்து நிறுத்தியிருக்கும். எடுத்ததும் இருந்த ஆட்டமும் இருந்த இடைவெளியும் வெளியே தெரிகின்றன. பழி மருத்துவர் மேல் விழுகிறது.

7. இடுக்கு

148 முகங்களில் 60 பக்கத்துப் பல்லை நோக்கியவை. அதாவது ஏறக்குறைய நூற்றுக்கு நாற்பத்தொன்று. எந்த பிரஷ்ஷும் அங்கே சரியாக நுழையாது. இந்தப் பிரதேசத்தைத் தமிழர் அறியாதவர் அல்லர். ஊக்கு, தீக்குச்சி, ஈர்க்குச்சி, ஹேர்பின், பேனா மூடியின் வால், நான்காக மடித்த பஸ் டிக்கெட், கல்யாணப் பத்திரிகையின் மூலை எல்லாம் அங்கே போய் வந்திருக்கின்றன. கறித்துணுக்கு வந்துவிட்டால் வேலை முடிந்தது என்பது பொதுக்கருத்து. துணுக்கு வெளியேறினாலும் படலம் அங்கேயே இருக்கும், ஊக்கால் ஈறு கிழிந்தது மிச்சம்.

இடுக்குக்குப் பட்டு நூல் சிபாரிசு செய்தவர் லெவி ஸ்பியர் பார்ம்லி என்ற நியூ ஆர்லியன்ஸ் பல் மருத்துவர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். பட்டுக்குப் பேர்போன காஞ்சிபுரம் நம்மிடம் இருந்தும் உடுத்துவதோடு நிறுத்திக்கொண்டோம். இன்று மெழுகு பூசிய நூல் மருந்துக்கடையில் கிடைக்கிறது. இடைவெளி பெரிதானவர்களுக்கு அதற்கென்றே குட்டி பிரஷ்ஷும் உண்டு.

8. சர்க்கரை

இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை 1920இல் கல்கத்தாவில் தொடங்கியவர் டாக்டர் ரஃபியுத்தீன் அகமது. அதற்கான பணத்தை அவர் புரட்டியது 'நியூயார்க் சோடா ஃபவுண்டன்' என்ற கடை நடத்தி. சொத்தைக்கான வழியையும் சொத்தைக்கான வைத்தியத்தையும் ஒரே ஆள் நடத்தியதில் முரண் காண்பவர்கள் காணட்டும். கல்லூரி நிலைத்தது.

இனிப்பு சாப்பிட்ட சில நிமிடங்களில் படலத்துப் பாக்டீரியா அதை அமிலமாக்கும். அமிலத்தைக் காட்டும் பிஎச் அளவு 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமலிலிருந்து தாது கரையத் தொடங்கும். எச்சில் வந்து அதைச் சமன்செய்ய அரைமணியிலிருந்து ஒரு மணி ஆகும். எனவே எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை தடவை என்பது முக்கியம். ஸ்வீடனின் விப்பேஹோல்ம் மனநல மருத்துவமனையில் 1940களின் பிற்பகுதியில் நடந்த ஆய்வு இதைக் காட்டியது. சாப்பாட்டோடு இனிப்பு பெற்றவர்களுக்குச் சொத்தை அதிகம் கூடவில்லை. இடைவேளைகளில் பல்லில் ஒட்டும் டாஃபி பெற்றவர்களுக்குக் குவிந்தது. சொந்தமாகச் சம்மதம் சொல்ல இயலாதவர்களின் பற்களைக் கெடுத்து அறிந்த உண்மை அது, இன்று எவரும் அனுமதிக்க மாட்டார்கள். அந்த ஆய்வின் விளைவாக ஸ்வீடனில் குழந்தைகளுக்குச் சனிக்கிழமை மட்டும் மிட்டாய் என்ற வழக்கம் வேரூன்றியது.

நம் சனிக்கிழமை தினமும் வருகிறது. காலை காபி, பதினொரு மணி டீ, மூன்று மணி டீ, யாரோ வந்ததற்காக ஒரு டீ, மழை பெய்வதற்காக ஒரு டீ. ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன். ஒவ்வொன்றுக்கும் பல் அரைமணியிலிருந்து ஒரு மணி நேரம் அமிலத்தில் நிற்கிறது. நடுவில் கமர்கட், கடலைமிட்டாய். மதியச் சாப்பாட்டோடு ஒரு கிண்ணம் பாயசம் குடிப்பவரைச் சர்க்கரைக்காக வேறு டாக்டர் திட்டலாம். பல் டாக்டருக்குப் பாயசத்தைவிட அந்த ஐந்து டம்ளர் மேல்தான் கண்.

9. வெண்மை

விளம்பரப் பல் எந்த நிறம் என்று பார்த்துவிட்டுத் தன் பல்லைக் கண்ணாடியில் பார்த்துக் கவலைப்படுவோர் பெருகியுள்ளனர். பல் இயல்பில் வெள்ளை அல்ல. எனாமல் ஓரளவு ஒளி ஊடுருவும் பொருள், அதன் வழியே உள்ளிருக்கும் டென்டின் என்ற அடுக்கின் இளமஞ்சள் தெரியும். பல் கட்டும்போது நிறம் பொருத்திப் பார்க்க மருத்துவர்கள் காலங்காலமாகப் பயன்படுத்தும் பட்டியலில் ஏ1 முதல் டி4 வரை 16 நிறங்கள் உள்ளன. ஒன்றுகூடச் சுண்ணாம்பு வெள்ளை அல்ல. மஞ்சள் பல் ஆரோக்கியமாக இருக்கலாம், வெள்ளைப் பல்லின் இடுக்கில் சொத்தை இருக்கலாம்.

கறையில் ஒரு தனி ரகம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் உண்டு. பழுப்புத் திட்டு விழுந்த பற்கள். எவ்வளவு துலக்கினாலும் போகாது, ஏனென்றால் அது மேலே படிந்ததல்ல. பல் உருவாகும் வயதில் கிணற்று நீரில் மிகுந்திருந்த ஃபுளூரைடு உள்ளிருந்தே போட்ட கோலம். அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூரில் 1937இலேயே ஃபுளூரைடால் வரும் நோய் பதிவானது. ஃபுளூரைடு குறைந்த நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது. அதே ஃபுளூரைடு பசையில் அளவாக இருந்தால் கரைந்த எனாமலைத் திரும்பக் கட்ட உதவும். குழந்தைக்கு அரிசி மணி என்று அளவு வைத்தது அதை விழுங்கிவிடும் என்பதால்தான்.

வளர்ந்தவர்கள் எதிர்த் திசையில் தவறுகிறார்கள். காசு கொடுத்து வாங்கிய ஃபுளூரைடை ஏழெட்டு வாய்த் தண்ணீர் விட்டுக் கொப்பளித்து வாஷ்பேசினுக்குப் புகட்டுகிறார்கள். நுரையைத் துப்பிவிட்டு அப்படியே விட்டால் அது பல்லில் தங்கி வேலை செய்யும். கொப்பளிக்காமல் காபி எப்படி என்று கேட்பவருக்கு அடுத்த பிரிவில் விடை இருக்கிறது.

10. முடிவுகளும் பரிந்துரைகளும்

தூக்கத்தில் எச்சில் சுரப்பு வெகுவாகக் குறைகிறது. பகலில் அமிலத்தைச் சமன்செய்த காவல் இரவில் இல்லை. இராச் சாப்பாட்டுக்குப் பின் வாயில் தங்கியதை வைத்துப் பாக்டீரியா விடிய விடியக் கச்சேரி நடத்துகிறது. இரண்டு துலக்கலில் ஒன்றைத்தான் செய்வேன் என்று ஒருவர் அடம்பிடித்தால், அறிவியல் இரவைத்தான் கைகாட்டும். இரவில் துப்பிவிட்டுப் படுத்தால் கொப்பளிக்கும் அவசியமும் எழாது, பின்னால் காபி காத்திருப்பதில்லை.

ஆகவே இந்த ஆய்வு முன்வைக்கும் முதன்மைச் சீர்திருத்தம், இரவுக்கும் ஒரு சுங்கச்சாவடி. படுக்கையில் தமிழர் எதற்காக ஏங்குகிறார் என்று பார்த்தால் விடை கையிலேயே இருக்கிறது. செல்போன் சார்ஜரை வாஷ்பேசின் பக்கத்துப் பிளக்கில் மாட்டிவிட வேண்டும். பல் துலக்கியவருக்கு மட்டும் போன். அம்மா டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்தில் இனி யார் நிற்பது என்பதை அந்தந்த வீட்டார் முடிவு செய்யலாம்.

இரண்டாவது, ஆறு வயதுக் குழந்தையின் வாயைப் பெற்றோர் ஒரு முறை டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். விழுந்த பால்பல்லைச் சாணத்தில் பொதிந்து கூரைமேல் எறிந்து கொண்டாடும் அதே பருவத்தில், கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் சத்தமில்லாமல் ஒரு கடைவாய்ப்பல் முளைக்கிறது. எதுவும் விழாமல் முளைப்பதால் அதையும் பால்பல் என்று நினைத்து, விழப்போவதுதானே என்று சொத்தையாக விட்டுவிடுகிறார்கள். அது நிரந்தரப் பல், அதற்கு மாற்று கிடையாது.

11. மேலாய்வுக்கு உரியவை

இடமும் காலமும் போதாமையால் சில கேள்விகள் இங்கே தொடப்படவில்லை. தீர்ந்துபோன பசைக் குழாயைச் சப்பாத்திக் கட்டையால் உருட்டி மேலும் ஒரு வாரம் ஓட்டுவது எப்படி? ஊருக்குக் கிளம்பும்போது இட்லிப்பொடி முதல் இன்சுலின் வரை மறக்காத குடும்பம் பிரஷ்ஷை மட்டும் மறப்பது ஏன்? நான்கு பேர் உள்ள வீட்டில் நான்கு நிறத்தில் வாங்கினாலும், மூன்றாம் வாரம் "இந்த நீலம் யாருது?" என்ற குரல் எழுவது எதனால்? தன் பிரஷ் தொடுவதற்கு முன்பே ஈரமாக இருப்பதைக் கண்டவர் அன்று அதைக் கழுவிவிட்டுத் துலக்கினாரா, சுட்டுவிரலுக்குத் திரும்பினாரா என்பது தனிக் கள ஆய்வு கேட்கும் பொருள். கேள்வித்தாள் தயாராகத்தான் இருக்கிறது, கேட்டால் வீட்டில் ஒருவரும் வாயைத் திறப்பதில்லை.